வயதானவர் இருக்கும் வீட்டில் தானாக மாறும் விளக்குகள்: வரிசை தப்பாமல் அமைப்பது எப்படி

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் பல்பு வாங்குகிறார்கள். ஆப்பில் நிறத்தை மாற்றிக் காட்டுவார்கள், வீடே வேடிக்கை பார்க்கும். இரண்டாம் வாரம் போய்ப் பார்த்தால் பெரியவர் அதையெல்லாம் அணைத்துவிட்டுப் பழைய ட்யூப் லைட்டின் கீழ் உட்கார்ந்திருப்பார். முதல் வீட்டில் நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு சில வீடுகளில் அமைத்துக் கொடுத்தபோதும், மற்றவர்கள் அமைத்ததைச் சரிசெய்யப் போனபோதும், தவறு பொருளில் இல்லை, வரிசையில்தான் என்று புரிந்தது.

வரிசை இது: முதலில் ஆளைக் கவனிப்பது, பிறகு கண்கூச்சத்தை நீக்குவது, பிறகு போதிய வெளிச்சம், பிறகு இரவுப் பாதை. தானாக மாறும் சமாசாரம் கடைசியில்தான் வரும். கூசுகிற விளக்கைத் தானியங்கியாக்கினால் அது நேரம் தவறாமல் கூசும், அவ்வளவுதான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா, ஸ்லோ மோஷனில் படம் எடுக்கக்கூடிய கைபேசி. லக்ஸ் மீட்டர் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி; லக்ஸ் அதன் அலகு) இருந்தால் நல்லது. கைபேசி ஆப்பும் போதும், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இந்த இடத்தைவிட அந்த இடத்தில் எத்தனை மடங்கு என்று ஒப்பிடுவதற்கு மட்டும் அது உதவும்.

சுவிட்ச் பெட்டியைத் திறக்கிற எந்த வேலைக்கும் எலக்ட்ரீஷியன் வேண்டும். அவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வந்திருக்கிறதா? பல பழைய வீடுகளில் வந்திருக்காது. பல ஸ்மார்ட் சுவிட்சுகள் அது இல்லாமல் வேலை செய்யாது. வாங்கி வந்த பிறகு இது தெரிந்தால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவரின் சம்மதம். சொல்லாமல் வைத்த சென்சார் விளக்கு நடுராத்திரி தானாக எரிந்தபோது, "யாரோ வீட்டுக்குள் வந்து லைட் போடுகிறார்கள்" என்று என் பெரியம்மா விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். ஞாபக மறதி உள்ளவர் என்றால் ஒருமுறை சொன்னால் போதாது. பகலில் கூடவே நடத்திக் காட்டி, பல நாள் பழக்க வேண்டும்.

## 1. ஒரு பகலும் ஓர் இரவும் கூடவே இருங்கள்

"வெளிச்சம் போதுமா?" என்று கேட்காதீர்கள். "போதும்" என்றுதான் பதில் வரும். குறைவு மெல்ல மெல்ல வந்ததால் அவருக்கே அது தெரிந்திருக்காது.

அதற்குப் பதில் பாருங்கள். படிக்கும்போது தாளைச் சன்னல் பக்கம் திருப்புகிறாரா? மாத்திரை அட்டையைக் கண்ணருகே கொண்டு போகிறாரா? எந்த இடத்தில் நடை தயங்குகிறது, எங்கே சுவரைப் பிடிக்கிறார்? எந்த நாற்காலியில் அதிக நேரம், எந்தத் திசையைப் பார்த்து உட்காருகிறார்? எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது படுக்கிறார், இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், கட்டிலின் எந்தப் பக்கம் காலை இறக்குகிறார்? எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு செட்டிங்கும் இந்தக் குறிப்பிலிருந்துதான் வரும்.

பிறகு அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவருடைய கட்டிலில் மல்லாந்து படுங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாத கூச்சம் அப்போது தெரியும். படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேர் மேலே மூடியில்லாத பல்பு தொங்கும் வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

## 2. கண்ணில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வயதாக ஆகக் கண்பாவை சுருங்குகிறது, விழிலென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டுகிறது. ஆகவே உங்களுக்குப் போதுமான வெளிச்சம் அவருக்கு அரையிருட்டு.

இதிலிருந்து "வாட்ஸ் அதிகமுள்ள பல்பாகப் போட்டுவிடலாம்" என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. அதே லென்ஸ் ஒளியைச் சிதறடிக்கவும் செய்கிறது. அதனால் பளிச்சென்ற ஒற்றைப் பல்பு அவருக்கு அதிகமாகக் கூசும். அதிக வெளிச்சம் வேண்டும், ஆனால் அது வரும் இடம் கண்ணில் படக் கூடாது. இந்த முரணைத் தீர்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழகுவதற்கும் அவருக்கு அதிக நேரம் பிடிக்கும்.

இன்னொன்று உடலின் நாள் கடிகாரம். விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. மெலனாப்சின் என்ற நிறமி இருக்கும் இவை 480 நானோமீட்டர் அருகிலுள்ள நீல ஒளிக்கு அதிகம் அசைந்து கொடுக்கும். மஞ்சளான லென்ஸ் முதலில் தடுப்பதும் இந்த நீலத்தைத்தான். நாள் முழுவதும் உள்ளறையிலேயே இருக்கும் முதியவரின் மூளைக்குப் பகல் என்ற செய்தி மங்கலாகத்தான் போய்ச் சேருகிறது. பகலில் தூங்கி வழிவதற்கும் இரவில் விழித்துக் கிடப்பதற்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

கண்புரை, கண்ணழுத்த நோய், விழித்திரை நோய் ஏதாவது இருந்தால் கண் மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். ஒளிக்கு உடலைக் கூச வைக்கும் மருந்துகள் எடுப்பவர்கள், மனநிலை ஏற்றத்தாழ்வு நோய் உள்ளவர்கள் விஷயத்தில் காலையில் மிகப் பிரகாசமான ஒளியைப் பழக்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். அந்த நோயில் பிரகாச ஒளி மிகை உற்சாக நிலையைத் தூண்டிவிடக்கூடும்.

## 3. கூச்சத்தை முதலில் அகற்றுங்கள்

இதை வெளிச்சத்தைக் கூட்டும் முன் செய்வதற்குக் காரணம் உண்டு. கூச்சம் இருக்கும்போது வெளிச்சத்தைக் கூட்டினால் அவர் உடனே அணைத்துவிடுவார். அதன்பின் உங்கள் எந்த யோசனையையும் காதில் வாங்க மாட்டார்.

நாற்காலியிலிருந்தும் கட்டிலிலிருந்தும் நேரே கண்ணில் படும் பல்புகளுக்கெல்லாம் பால் நிற மூடி போடுங்கள், அல்லது பல்பைச் சுவரையோ கூரையையோ நோக்கித் திருப்புங்கள். வெளிர்நிறச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பரந்து வரும், கூசாது.

தரையில் விழும் பிரதிபலிப்பையும் பாருங்கள். பளபளப்பான தரையில் விளக்கின் வெள்ளைத் திட்டு விழுந்தால் தண்ணீர் கொட்டியிருப்பதுபோல் தோன்றும். கருநிறக் கால்மிதி, பார்வையும் நினைவும் மங்கியவருக்குக் குழிபோலத் தெரியலாம். அதைத் தாண்டக் காலை அகல வைத்துத் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இருட்டியதும் சன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். வெளியே யாரோ நிற்பதுபோல் அது பயமுறுத்தும். விளக்குப் போடும்போதே திரையை இழுத்துவிடும் பழக்கம் போதும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

சுழலும் சீலிங் ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த விளக்கை இடம் மாற்றுங்கள். எந்தப் பல்பு மாற்றினாலும் இது தீராது.

## 4. வேலை நடக்கும் இடத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுவாருங்கள்

அறை முழுவதையும் பகலாக்க வேண்டியதில்லை. தூரம் பாதியானால், சிறிய விளக்கிலிருந்து விழும் ஒளி நான்கு மடங்காகும். எனவே படிக்கும் இடத்தில் ஒரு மேசை விளக்கு செய்வதைக் கூரையில் இன்னும் இரண்டு பல்பு மாட்டினாலும் செய்ய முடியாது. வயதான கண்ணுக்குப் படிப்பதற்கு 500 முதல் 1000 லக்ஸ்வரை கொடுப்பது நியாயமான அளவு. சாதாரணக் கூடத்தில் மாலையில் அளந்து பாருங்கள், 100, 150 என்றுதான் பெரும்பாலும் வரும்.

மேசை விளக்கின் கூடு அவருடைய கண்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். மாத்திரைப் பெட்டி, அடுப்படி, முகக் கண்ணாடி மூன்றுக்கும் தனித்தனி விளக்கு வேண்டும். முகக் கண்ணாடிக்கு இரு பக்கமும் விளக்கு வைத்தால் நல்லது. மேலே மட்டும் வைத்தால் கண்குழியும் மோவாயின் அடியும் நிழலாகிச் சவரம் செய்யும்போது வெட்டிக்கொள்வார்.

படிக்கட்டில் மேலும் கீழும் சுவிட்ச் வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பும் படியின் நிறத்திலிருந்து மாறுபட்டுத் தெரிய வேண்டும். விளிம்பு தெரியாத படியில் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் எல்லாம் ஒரே சரிவாகத்தான் தெரியும்.

அடுத்தடுத்த அறைகளை ஒப்பிட்டு அளப்பதையும் மறக்க வேண்டாம். கூடம் பளிச்சென்றும் அதையடுத்த நடை இருட்டாகவும் இருந்தால், கண் பழகுவதற்குள் அவர் நடையின் நடுவில் நிற்பார். கூடத்தைக் குறைக்காமல் நடையைக் கூட்டுங்கள்.

## 5. பகல் வெளிச்சத்துக்கு முதலில் நாற்காலியை நகர்த்துங்கள்

2022-இல் ஒளி, உறக்க ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை ஒன்று உண்டு. பகலில் கண்ணருகே 250, படுக்கும் முன் மூன்று மணி நேரம் 10-க்கு மேல் போகாமல், உறங்கும்போது 1-க்கு மேல் போகாமல். இவை சாதாரண லக்ஸ் அல்ல, மெலனாப்சின் செல்களின் கணக்கில் எடைபோட்ட லக்ஸ். 4000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீல வெள்ளை) எல்இடியில் அந்த 250-ஐ எட்ட ஏறத்தாழ 400 சாதாரண லக்ஸ் தேவைப்படும். அதுவும் மேசையில் அளந்தது அல்ல, கண் இருக்கும் இடத்தில், அவர் பார்க்கும் திசையை நோக்கி மீட்டரை நிமிர்த்திப் பிடித்து அளந்தது.

கூரை விளக்கால் இதை எட்டுவது கடினம். அப்படியே எட்டினாலும் கூசும். சன்னலுக்கு அருகே நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டால் பெரும்பாலும் சுலபமாக எட்டிவிடும். மேகமூட்டமான நாளிலும் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். ஆகவே காலையில் சிறிது நேரம் வெளியே உட்காருவது எந்த ஸ்மார்ட் பல்பையும் விட மேல். விளக்கு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்த எண்கள் 18 முதல் 55 வயதுவரையுள்ள ஆரோக்கியமானவர்களை மனதில் வைத்துச் சொன்னவை. முதியவருக்குப் பகலில் இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும் என்று எடுத்துக்கொள்ளலாம். மாலை எண்ணை அவர்மேல் அப்படியே திணிப்பது ஆபத்து. அதற்கான காரணம் ஒன்பதாம் படியில் வருகிறது.

## 6. படுக்கையிலிருந்து கழிவறைவரை

ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தூக்கக் கலக்கம், இருட்டு, அவசரம் மூன்றும் கூடும் இடம் இது.

வழக்கமான தவறு, எழுந்ததும் அறை விளக்கு முழுப் பிரகாசத்தில் எரியும்படி வைப்பது. திடீர் ஒளியில் கண் கூசி ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து அணைத்ததும் இருட்டுக்கும் கண் பழகியிருக்காது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று விழ இரண்டு வாய்ப்புகளை நாமே உண்டாக்குகிறோம். தூக்கமும் கலையும்.

விளக்கு கணுக்கால் உயரத்தில் இருக்கட்டும். ஒளி தரையில் மட்டும் படட்டும், பல்பு கண்ணில் படாமல் இருக்கட்டும். நிறம் ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) அல்லது 2000 கெல்வின் பக்கம், நீலம் மிகக் குறைந்ததாக இருக்கட்டும். நீல நிற விடிவிளக்கு அழகாக இருக்கும், ஆனால் கழற்றிவிடுங்கள். மூளைக்குப் பகல் என்று சொல்வதும் நீலம்தான், முதிய கண்ணுக்குக் குறைவாகத் தெரிவதும் நீலம்தான்.

சென்சாரைக் கட்டிலுக்கு அடியில், அவர் காலை இறக்கும் பக்கம், தரையை நோக்கி வையுங்கள். சுவரில் வைத்தால் புரண்டு படுக்கும்போதெல்லாம் விளக்கு எரியும். கட்டிலடியில் இருந்தால் கால் தரையில் பட்ட பிறகுதான் எரியும். ஒரு விளக்கின் வட்டம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். இரவில் நீங்களே நடந்து பாருங்கள். நடுவில் ஓரடி இருட்டு இருந்தாலும் அங்கேதான் கால் தடுக்கும்.

கழிவறைக்குள் இரவு நேரத்துக்கென்று மங்கலான இரண்டாவது விளக்கு வேண்டும். ஆனால் இருக்கையும் தரை ஈரமும் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு இருக்கட்டும். இந்த இடத்தில் தூக்கத்தைவிடக் கால் முக்கியம்.

இதற்குச் சென்சார் உள்ள பிளக் விளக்குகளே பெரும்பாலும் போதும். ஹப் (ஸ்மார்ட் விளக்குகளை இணைத்து இயக்கும் மையப் பெட்டி), ஆப், வைஃபை எதுவும் தேவையில்லை. பேட்டரியில் ஓடுவதை நான் தவிர்க்கிறேன். தீர்ந்துவிட்டது என்பது விழுந்த பிறகுதான் தெரியும்.

## 7. சுவிட்சின் பழக்கத்தை மாற்றாதீர்கள்

தானியங்கிப் பகுதி இங்கே தொடங்குகிறது. பெரும்பாலான அமைப்புகள் தோற்பதும் இங்கேதான்.

ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் கரண்ட் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பெரியவருக்கோ அறையைவிட்டுப் போகும்போது சுவிட்சை அணைப்பது ஐம்பது, அறுபது வருடப் பழக்கம். அணைத்த நொடியில் உங்கள் தானியங்கி செத்துவிடும். பிள்ளைகள் சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டி "அணைக்காதே" என்று எழுதி வைப்பார்கள். தன் வீட்டில் தன் விளக்கை அணைக்க அவருக்கு உரிமை இல்லையா? அந்த டேப் நிச்சயம் உரிக்கப்படும்.

எனக்குப் பிடித்த வழி: கூரையிலுள்ள பழைய முக்கிய விளக்கையும் அதன் சுவிட்சையும் தொடாமல் விடுவது. தானாக மாறும் விளக்குகளைக் கூடுதலாக, தனி பிளக்கில், அவர் கைபடாத இடத்தில் வைப்பது. எது கெட்டாலும் பழைய சுவிட்ச் பழையபடி வேலை செய்யும்.

கூரை விளக்கே மாற வேண்டும் என்றால், எலக்ட்ரீஷியனை வைத்துச் சுவிட்சுக்குப் பின்னால் ரிலே (கட்டளைப்படி கரண்டைத் திறந்து மூடும் சிறு கருவி) போடச் சொல்லலாம். அதில் சுவிட்சையும் கரண்டையும் பிரித்துவைக்கும் செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது சுவிட்சைத் தட்டினால் பல்புக்குக் கட்டளை மட்டும் போகும், கரண்ட் நிற்காது. பல்பு ஸ்மார்ட்டாக இருக்கும்போது டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும்) சுவிட்ச் போட வேண்டாம், இரண்டும் சண்டை போட்டு விளக்கு மினுக்கும். பழைய குண்டு பல்புக்கென்று வந்த திருகு டிம்மரில் எல்இடி போட்டாலும் இதே கதைதான்.

மற்றொரு விதி: அவர் கையால் மாற்றியதைத் தானியங்கி உடனே திருப்பி மாற்றக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேரம் அது ஒதுங்கியிருக்க வேண்டும். பல ஆப்களில் இந்தச் செட்டிங் இருக்கும், ஆனால் நாம்தான் தேடிப் பிடித்துப் போட வேண்டும். இதைப் போடாத ஒரு வீட்டில், அணைத்த விளக்கு ஐந்து நிமிடத்தில் மறுபடி எரிய, பெரியவர் பல்பையே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அவர் செய்தது சரி.

## 8. பல்பு வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வாட்ஸ் பார்க்காதீர்கள், அது தின்னும் மின்சாரம். லூமென்தான் தரும் ஒளி. நிற வெப்பநிலை 2200 முதல் 5000 கெல்வின்வரையாவது மாறக்கூடியதாக இருக்கட்டும். ஒரு கோடியே அறுபது லட்சம் நிறங்கள் என்று பெட்டியில் போட்டிருப்பது நமக்கு எதற்கும் உதவாது.

நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைவான எண்ணில் சிவப்பு மங்கும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மாத்திரைகளைப் பிரித்தறிவதும், தோலில் வந்த தடிப்பைக் கவனிப்பதும் கடினமாகும்.

மினுக்கலைச் சோதிக்க, பல்பை எரியவிட்டுக் கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். வரிவரியாக ஓடினால் வேண்டாம். முழு ஒளியில் சரியாக இருப்பது பத்து சதவீதத்துக்குக் குறைத்ததும் மினுக்கலாம். ஆகவே குறைத்தும் படம் எடுத்துப் பாருங்கள். பலர் இந்த இரண்டாவது சோதனையை விட்டுவிடுகிறார்கள்.

இணையம் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே இயங்குமா என்று கேளுங்கள். ஜிக்பீ, திரெட் என்ற கம்பியில்லா முறைகளில் இயங்கும் பல்புகள் வீட்டிலுள்ள ஹப் மூலம் இயங்கும். வெவ்வேறு நிறுவனக் கருவிகள் சேர்ந்து இயங்குவதற்காக 2022-இல் வந்த மேட்டர் என்ற தரமும் வீட்டுக்குள்ளான கட்டுப்பாட்டை மையமாக வைத்ததுதான். எங்கோ இருக்கும் சர்வரை நம்பும் பல்பு, அந்த நிறுவனம் கடையை மூடினால் வெறும் பல்பு.

## 9. நேர அட்டவணை

ஆப்பில் தயாராக இருக்கும் "சூரியனோடு மாறு" என்பதை அப்படியே போடாதீர்கள். அது சூரிய அஸ்தமனத்தில் மஞ்சளாகி மங்கத் தொடங்கும். அவர் படிக்கிற நேரமே அதுவாக இருக்கலாம். முதல் படியில் எழுதிய குறிப்பை எடுத்து, அவர் எழும் நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் வைத்துத் தொடங்குங்கள். காலை 5.30-க்கு எழுந்து இரவு 9.30-க்குப் படுப்பவருக்கு நான் போடுவது இப்படி:

காலை 5.15 முதல் 5.45 வரை: 2200 கெல்வினில் மங்கலாகத் தொடங்கி 3000-க்கு மெல்ல உயரட்டும். எழுந்தவுடன் முழு வெள்ளை ஒளி கண்ணில் அறையும்.

காலை 6.30 முதல் மதியம்வரை: 4000 முதல் 5000 கெல்வின், முழு ஒளி. சன்னலருகே இருந்தால் இது துணைதான். வெளியில் இருட்டியிருக்கும் மழை நாளில்தான் உண்மையில் கைகொடுக்கும்.

மதியம் தூங்கும் பழக்கம் இருந்தால் அந்த அறையை மட்டும் விட்டுவிடுங்கள். மாலை 4 மணிக்குமேல் 3500.

மாலை 6.30-லிருந்து: நிறத்தை 2700-க்கு இறக்குங்கள், நடக்கும் இடத்திலும் படிக்கும் இடத்திலும் ஒளியின் அளவைக் குறைக்காதீர்கள். மாலையில் மங்கலாக்கு என்ற அறிவுரை இளைஞர்களின் கண்ணுக்குச் சரி. முதியவர் அந்த மங்கலில் நடந்தால் விழுவார். நிறத்தை மாற்றினாலே நீலம் கணிசமாகக் குறைந்துவிடும். கூரை விளக்கைக் குறைத்து, நடைபாதை விளக்கையும் படிக்கும் விளக்கையும் அப்படியே வைத்திருந்தால் கண்ணை எட்டுவது குறையும், காலடி தெரியும். மறதி நோய் உள்ளவர்கள் அந்தி நேரத்தில் பதறுவது உண்டு. அவர்களுக்கு அறையின் மூலைகளில் நிழல் விழாமல் பார்த்துக்கொள்வது உதவும். ஆகவே அந்தி இருட்டு வருவதற்கு முன்பே விளக்கை ஏற்றிவிடுங்கள்.

இரவு 8.30-லிருந்து: 2200 கெல்வின், படுக்கையறையில் பாதி ஒளி. 9.30-க்குப் பிறகு ஆறாம் படியின் இரவுப் பாதை மட்டும்.

ஒவ்வொரு மாற்றமும் குறைந்தது 30 நிமிடம் எடுத்து நகரட்டும். விளக்கு மாறுவது அவர் கண்ணுக்குத் தெரிந்தால் அது வேகம்.

## 10. பகல்நேரச் சென்சார்கள்

சாதாரண அசைவுச் சென்சார் உடல் வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. குறுக்கே நடந்தால் நன்றாகப் பிடிக்கும், நேரே அதை நோக்கி நடந்தால் தாமதமாகப் பிடிக்கும். எனவே நடைபாதையின் முனையில் வைக்காமல் பக்கச் சுவரில் வையுங்கள். அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கோடையில் அதன் கூர்மை குறையும். வெயில் உச்சத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அது காணாது. கழிவறையில் இரண்டு நிமிடத்தில் அணையும்படி வைத்து, பெரியவர் இருட்டில் கையை ஆட்டிக்கொண்டிருக்கும்படி நானே செய்து வைத்திருக்கிறேன். அங்கே 15 நிமிடத்துக்குக் குறையவே கூடாது. ரேடார் வகைச் சென்சார் மூச்சின் அசைவைக்கூடக் கண்டுபிடிக்கும். ஆனால் ஓடும் ஃபேனையும் ஆடும் திரையையும் ஆள் என்று நினைக்கும், மெல்லிய சுவருக்கு அப்பால் இருப்பவரையும் கணக்கில் சேர்க்கும். எல்லையைக் குறுக்கி அமைக்கப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

## 11. கரண்ட் போய் வரும்போது

பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகளில் "கரண்ட் வந்ததும் எப்படி இருக்க வேண்டும்" என்ற செட்டிங் இருக்கும். பெரும்பாலும் அது முழு வெள்ளை ஒளியில் எரியும்படிதான் வரும். அதிகாலை 2 மணிக்குக் கரண்ட் போய் வந்தால் படுக்கையறை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்ததுபோல் எரியும். படுக்கையறைப் பல்புகளில் "முன்பிருந்த நிலை" என்று மாற்றுங்கள். தனி பிளக்கில் வைத்த கூடுதல் விளக்குகளுக்கும் இதுவே போதும். ஸ்மார்ட் பல்பையே சாதாரணச் சுவிட்சால் போட்டு அணைக்கும் இடத்தில் மட்டும் "எரியும் நிலை" என்றே விடுங்கள், இல்லாவிட்டால் சுவிட்சைப் போட்டும் விளக்கு வராது.

பிறகு வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போடுங்கள். ரவுட்டரையும் ஹப்பையும் தனித்தனியாகக் கழற்றிப் பாருங்கள். மூன்று சோதனையிலும், அதாவது கரண்ட் வந்த பிறகு, இணையம் இல்லாமல், ஹப் இல்லாமல், பெரியவர் சுவரிலுள்ள ஏதாவது ஒரு சுவிட்சைத் தட்டி வெளிச்சம் பெற முடிய வேண்டும். முடியாத அறைக்கு ஏழாம் படிக்குத் திரும்புங்கள். கரண்டே இல்லாத நேரத்துக்கு, பிளக்கில் இருந்தபடி சார்ஜ் ஆகிக் கரண்ட் போனதும் தானாக எரியும் விளக்கு ஒன்றை இரவுப் பாதையில் வைத்துவிடுங்கள்.

## 12. இரண்டு வாரம் கழித்துத் திருத்தம்

எல்லா அறையையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் படிக்கும் இடம், ஒரு வாரம் கழித்து இரவுப் பாதை, அதன் பிறகே அட்டவணை. ஒன்றாகப் போட்டால் எது பிடிக்கவில்லை என்று அவராலும் சொல்ல முடியாது, உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு வாரம் ஆனதும், முதல் நாள் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு அதே கவனிப்பை மறுபடி செய்யுங்கள். சுவரைப் பிடிப்பது குறைந்ததா? தாளைச் சன்னலுக்குத் திருப்புவது நின்றதா? எந்த விளக்கை அவர் அணைத்தே வைத்திருக்கிறார்? அணைத்த விளக்குதான் உங்களுக்குக் கிடைக்கும் மிக நேர்மையான பதில். ஏன் அணைத்தார் என்று கேட்பதைவிட, அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கண்புரை அறுவை சிகிச்சை நடந்தால் எல்லா அளவுகளையும் மறுபடி போட வேண்டும். மஞ்சள் லென்ஸ் போய்த் தெளிந்த லென்ஸ் வந்ததும், நேற்றுவரை போதாமல் இருந்த ஒளி கூசத் தொடங்கும், வெள்ளை நீலமாகத் தெரியும். என் அம்மாவுக்கு முதல் கண் முடிந்து இரண்டாவது கண்ணுக்குக் காத்திருந்த வாரங்களில், இரண்டு கண்ணுக்கும் விளக்கு வேறுவேறு நிறத்தில் தெரிந்தது. அந்த வாரங்களில் தானியங்கியை நிறுத்திவைத்து, படிக்கும் விளக்கையும் இரவுப் பாதையையும் மட்டும் விட்டிருந்தேன். இரண்டாவது கண்ணும் ஆறிய பிறகு அம்மாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு 4500-ஐ 3800-க்கு இறக்கினேன்.